காகத்துக்கு உங்கள் முகம் தெரியும்

சித்திரை வெயில் ஏறியதும் மும்பை மாட்டுங்காவில் யாராவது ஒருவர் தலையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வருவார். "காக்கா தலையில தட்டிடுத்து" என்பார். தாராவியில் அதையே "காக்கா கொத்திட்டு, அண்ணாச்சி" என்று சொல்லக் கேட்கலாம். தமிழ்தான் வேறு வேறு, பயம் ஒன்றுதான். சனி பிடித்துவிட்டதோ? உடனே தலைமுழுக்கு, எள் தீபம், ஊரில் இருக்கும் ஜோசியருக்கு ஒரு போன்.

எனக்கும் ஒரு தரம் அடி விழுந்தது. ஃபைவ் கார்டன்ஸ் பக்கம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், பால் பாக்கெட்டோடு நடந்துகொண்டிருந்தேன். நின்று மேலே பார்த்தேன். கிளை பிரியும் இடத்தில் ஒரு கூடு. விளிம்பில் சிவந்த வாய்கள் மூன்று திறந்திருந்தன. அந்தக் காகத்துக்கு என் ஜாதகம் தெரியாது. அதன் பிள்ளைகளுக்கு நான் பக்கத்தில் வந்துவிட்டேன் என்பது மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து காகங்களைக் கவனித்து வருகிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பைத் தமிழர்களான நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் மூன்று இடங்களிலும் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இந்த நகரத்தில் நாம் காகத்தைப் பார்ப்பதைவிட அது நம்மை அதிகம் பார்க்கிறது, பார்த்ததை மறப்பதுமில்லை. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவைதான்.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஜன்னலுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருந்தால் ஊர்க்காகம். உடம்பு முழுக்கக் கறுப்பு, தடித்த அலகு, கனத்த குரல் என்றால் அண்டங்காக்கை. மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆங்கிலக் கதைகளிலும் லண்டன் கோட்டையிலும் பெயர் பெற்ற ரேவன். பருந்தளவு பெரிய இந்தக் காகத்தைத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பலரும் அண்டங்காக்கை என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. இந்தியாவில் ரேவனைப் பார்க்க இமயமலைக்கோ, ராஜஸ்தான், கட்ச் பக்கத்து வறண்ட நிலத்துக்கோ போகவேண்டும். மும்பையில் அது இல்லை.

மூன்றும் ஒரே பேரினம். காட்டில் ரேவன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டதெல்லாம் நம் ஜன்னல் காகத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். ஆனால் ரேவனுக்குச் சொன்னதை அப்படியே ஊர்க்காகத்தின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

கல்லெறியாதீர்கள், கூட்டைக் கழியால் தட்டாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2006-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு குகைமனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்தார்கள். காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள், வேறொன்றும் செய்யவில்லை. பிறகு அதே முகமூடியோடு வளாகத்தில் யார் நடந்தாலும் காகங்கள் திரண்டு கத்தின. அதே ஆள் வேறு முகமூடி போட்டு நடந்தால் சும்மா இருந்தன. உடை, நடை, உயரம் எதையும் அவை பொருட்படுத்தவில்லை. பார்த்தது முகத்தை.

அதோடு நிற்கவில்லை. பிடிபட்டவை ஏழுதான். ஆனால் கத்துகிற காகங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. பிடிபடாத காகங்கள், அந்த நாளில் முட்டையாகக்கூட இல்லாத குஞ்சுகள், எல்லாம் பெரியவர்களைப் பார்த்து அந்த முகத்தை வெறுக்கக் கற்றுக்கொண்டன. முகமூடியைப் பார்த்து ஒரு காகமும் கத்தாத நாள் வர 17 ஆண்டுகள் ஆயின.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பில்டிங்கில், ஏசி பெட்டியின் மேல் இருந்த கூட்டை ஒரு பையன் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டான். குஞ்சு ஒன்று செத்தது. பத்து நாள்வரை அவன் வாசலுக்கு வந்தால் போதும், எதிர் மாமரத்திலிருந்து இரண்டு காகங்கள் இறங்கிவிடும். கூடவே வரும் தம்பியைத் தொடவில்லை, வாட்ச்மேனைத் தொடவில்லை. அவன் தொப்பி போட்டான், சட்டை மாற்றினான், பயனில்லை. அடுத்த வருஷமும் அவனுக்குத் திட்டு விழுந்தது.

கோபத்தில் நாம் எறியும் ஒரு கல்லுக்கு இவ்வளவு நீண்ட கணக்கு இருக்கிறது.

கூடு கட்டும் மாதங்களில்

மும்பையில் ஊர்க்காகம் கூடு கட்டுவது பெரும்பாலும் மழைக்கு முந்தின கோடையில். அடைகாப்பது 16, 17 நாள். குஞ்சு பறக்க மேலும் மூன்று, நான்கு வாரம். அடிப்பது பெரும்பாலும் குஞ்சு பெரிதாகிக் கூட்டின் விளிம்புக்கு வரும் அந்தக் கடைசி வாரங்களில்தான்.

எதிர்ச் சாரியில் நடங்கள். வழியில்லையென்றால் குடை பிடியுங்கள். காகம் அனேகமாகப் பின்னாலிருந்துதான் வரும். நின்று திரும்பி அதைப் பார்த்தால் விலகிப் போகும். ஓடாதீர்கள், கையை வீசாதீர்கள். தலையில் தட்டியதற்குக் கோயிலுக்குப் போகத் தோன்றினால் போய் வாருங்கள், மனசுக்கு நல்லது. அதற்கு முன் அந்த மரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் மும்பை மாநகராட்சி (பி.எம்.சி.) மழைக்கு முன் கிளைகளைக் கழிக்க ஆள் அனுப்புகிறது. கனத்த கிளை மழையில் முறிந்து ஆள்மேல் விழுகிற நகரம் இது. கழிக்கத்தான் வேண்டும். ஆனால் சொசைட்டிக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். வண்டி வருவதற்கு முந்தின நாளே மொட்டைமாடியிலிருந்து மரத்தைப் பார்த்து, கூடுள்ள கிளை எது என்று குறித்துவைத்து, வேலையாட்களிடம் காட்டுங்கள். அந்தக் கிளையை ஆகஸ்டுக்குப் பிறகு கழித்துக்கொள்ளலாம். வார்டு ஆபீசில் மரங்களுக்கென்றே அதிகாரி இருக்கிறார். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு. சொந்த வளாகத்து மரமானாலும் அனுமதி வாங்காமல் கோடாரி வைக்க 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை.

காலிக் கூட்டை எடுக்கவேண்டுமானால் மழை விட்டபிறகு எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மும்பைக் காகத்தின் கூட்டில் குச்சியோடு கம்பியும் இருக்கும்.

கம்பியையும் பிளாஸ்டிக் நூலையும் வெளியே போடாதீர்கள்

பம்பாய்க் காகங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் திருடிக் கூடு கட்டியதாகப் பழைய பறவை நூல்கள் சொல்கின்றன. மரம் குறைந்த இடத்தில் குச்சி கிடைக்காது, கம்பி கிடைக்கும். வளையும், நிற்கும், காற்றில் பறக்காது. காகம் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறது. தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பழைய ஒயர் உரிக்கும் பட்டறைகளின் தகரக் கூரையில் அரை மணி நேரம் கண் வைத்தால் இந்தத் தேர்வை நேரிலேயே பார்க்கலாம். காகம் ஒரு துண்டை எடுக்கும், அலகில் திருப்பிப் பார்க்கும், நீளம் சரியில்லையென்றால் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்.

கம்பியால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து பிளாஸ்டிக் கயிறும் நைலான் நூலும். கூட்டின் உள்ளே மெத்தையாக வைத்தது குஞ்சின் காலைச் சுற்றிக்கொள்கிறது. கால் வளர வளர நூல் இறுகுகிறது. பறக்கும் நாளில் குஞ்சு கூட்டிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. மூட்டை கட்டிய கயிறு, சாக்குத் தைத்த நூல், பூக்கட்டிய நைலான் நார் எதுவாக இருந்தாலும் கத்தரித்துச் சிறு துண்டுகளாக்கி மூடிய குப்பையில் போடுங்கள்.

கீழே விழுந்த குஞ்சைக் கண்டால்

முதலில் சிறகைப் பாருங்கள். சிறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்து, வாயோரம் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நாயோ பூனையோ வரும் இடமென்றால் பக்கத்துச் சுவர்மேலோ தாழ்ந்த கிளையிலோ ஏற்றிவிட்டு நகருங்கள். அவ்வளவே.

சிறகில்லாத சிறு குஞ்சு என்றால் ஒரு கூடையில் காய்ந்த புல் போட்டு, அதே மரத்தில் எட்டும் உயரத்தில் கட்டி, குஞ்சை உள்ளே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. இதைச் செய்யும்போது இன்னொருவர் குடை பிடித்து நிற்கட்டும், தாய்க்காகம் உங்களை நன்றியோடு பார்க்கப் போவதில்லை.

பால் ஊற்றாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஊர்க்காகத்தை எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 50 ஆண்டுக்கால இழிவு அது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஊர்க்காகம் பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிக்கவும் கொல்லவும் கூண்டில் அடைக்கவும் கூடாது.

இன்னொன்று. நீங்கள் கையில் எடுத்த கறுப்புக் குஞ்சு குயிலாகவும் இருக்கலாம். ஆண்குயில் கூவிக் காகங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் நேரத்தில் பெண்குயில் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக முட்டைக்கு முந்திப் பொரியும். முகம் மறக்காத இந்தப் பறவை, தன் கூட்டுக்குள் இருக்கும் அயல் குஞ்சை மட்டும் தன் பிள்ளையென்று ஊட்டி வளர்க்கிறது. இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சோறு வைக்கும்போது

நேரம் மாறாதீர்கள். எட்டு மணிக்கு வைக்கிற வீட்டில் ஏழே முக்காலுக்குக் காகம் கிரில்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு கைப்பிடிக்குமேல் வேண்டாம். உப்பும் எண்ணெயும் இல்லாத வெறும் சோறு, கொஞ்சம் பருப்பு போதும். சிப்ஸ், ஊறுகாய் கலந்த தயிர்சாதம், பழைய பஜ்ஜி இவற்றைக் காகத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். காய்ந்த பாவ் ரொட்டியைக் காகம் தூக்கிவந்து அந்தத் தண்ணீரில் நனைத்து மெத்தென்று ஆக்கிச் சாப்பிடுவதைப் பார்ப்பீர்கள்.

தட்டை மாற்றாதீர்கள். திவசத்தன்று பளபளக்கும் புது எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு, காகம் வரவில்லையே, அப்பாவுக்குக் கோபமோ என்று அழுத ஒரு மாமியை எனக்குத் தெரியும். காக இனம் புதிய பொருளை நம்பாது. தூர நின்று பார்த்து, இன்னொன்று தொட்டபின்தான் தானும் வரும். தினம் வைக்கும் அதே இடம், அதே இலை என்றால் தயங்காது. அமாவாசையிலும் இதே கதைதான். அன்று மாட்டுங்காவில் எல்லா ஜன்னலிலும் சோறு இருக்கும், பதினொரு மணிக்குள் காகத்துக்கு வயிறு நிறைந்துவிடும். பன்னிரண்டரைக்கு வைக்கிற வீட்டுப் பித்ருக்கள் பசியோடு திரும்பிப் போனார்கள் என்று அர்த்தமில்லை. நம் மராட்டிய அண்டை வீட்டாருக்கும் பத்தாம் நாள் பிண்டத்தைக் காவ்ளா தொடவேண்டும், தொடும்வரை காத்து நிற்பார்கள். அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

காகம் ஏன் கரைந்து கூப்பிடுகிறது? வள்ளுவர் சுற்றந்தழாலில் காகத்தைக் காட்டியதிலிருந்து நமக்கு அது பகிர்ந்துண்ணும் பறவை. பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1980-களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில், பனிக்காலத்தில், செத்த கன்றுகளை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறைந்திருந்து ரேவன்களைப் பார்த்தார். அந்த இடத்தைத் தன்னுடையதாக வைத்திருக்கும் ஜோடி சத்தமே போடாமல் தின்றது. இடமில்லாமல் அலையும் இளம் ரேவன்கள்தான் உரக்கக் கத்தின. தனியாக வந்தால் ஜோடி விரட்டிவிடும், கூட்டமாக வந்தால் விரட்ட முடியாது. கூப்பிடுவதில் கணக்கு இருந்தது. இது வள்ளுவரைப் பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. உறவும் கணக்கும் ஒன்றாக இருப்பது நம் வீடுகளிலும் உள்ளதுதானே.

பொதுவழியில், கூட்டு மொட்டைமாடியில் கொட்டாதீர்கள். புறா தீனியால் இந்த நகரம் படும் பாட்டை 2025 ஆகஸ்டில் புறாக்களுக்குத் தீனி போடும் தாதர் கபூதர்கானாவை மூடியபோது எல்லோரும் பார்த்தோம். உங்கள் ஜன்னல், உங்கள் கைப்பிடி, மிச்சம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி அதைத் தின்ன வருவது எலி.

காகம் ஒளித்துவைத்ததை எடுக்காதீர்கள்

பூந்தொட்டி மண்ணில் பாதி வடை புதைந்திருந்தால் வேலைக்காரப் பெண்ணைத் திட்டவேண்டாம். வைத்தது காகம். புதைப்பதற்கு முன் இப்படியும் அப்படியும் பார்க்கும். இன்னொரு காகம் பார்த்துவிட்டால் எடுத்துக்கொண்டு வேறிடம் போகும். ரேவன்களிடம் இதை வியன்னாவில் தாமஸ் புக்ன்யார் குழுவினர் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் வேறு ரேவன் இருக்கும் சத்தம் மட்டும் கேட்கும், ஆள் கண்ணில் படாது. நடுவில் உள்ள சிறு துளை திறந்திருந்தால், தன்னை யாரோ பார்ப்பதாகவே வைத்துக்கொண்டு ரேவன் அவசரமாக ஒளித்தது. துளை மூடியிருந்தால் நிதானமாக இருந்தது. இன்னொருவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று யோசிக்கிற பறவை அது. தொட்டியில் இருக்கும் வடை நாளைக்குள் தானே காணாமல் போகும். விட்டுவிடுங்கள்.

வடாம், அப்பளம் காயும்போது

மாட்டுங்கா மொட்டைமாடியில் வடாம், தாராவிச் சந்துகளில் கவிழ்த்த பிரம்புக் கூடைமேல் அப்பளம். இரண்டுக்கும் எதிரி ஒன்றே. கறுப்புத் துணியோ கிழிந்த குடையோ கட்டினால் முதல் நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் காகம் அதன்மேலேயே உட்காரும். அசையாத பொருள் ஆபத்தில்லை என்று அதற்குப் புரிந்துவிடும். தினம் இடம் மாற்றுங்கள். கொசுவலைத் துணியைக் கல் வைத்து இழுத்துக் கட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஓரம் தூக்கலாக இருந்தால் அலகால் இழுத்துப் பார்க்கும்.

செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். சில மீன்கடைகளிலும் கறிக்கடைகளிலும் இன்னும் செய்கிறார்கள். அருவருப்பு ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம்.

எலிப்பாஷாணம் வைக்காதீர்கள்

வேறு வழியே இல்லாமல் வைத்தால், காலையில் முதல் வேலையாகச் செத்த எலியைத் தேடி எடுத்துப் புதையுங்கள். சாக்கடையோரம் வீசிய எலியைக் காகமும் பருந்தும் தின்னும். எலியைக் கொன்ற மருந்து அவற்றையும் கொல்லும். பொறி வைத்தால் இந்தக் கவலை இல்லை.

சங்கராந்தியும் கனுவும்

பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று, மஞ்சள் இலையில் வண்ணச் சாதம் வைத்து, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று காகங்களைக் கூப்பிடுகிறோம். அதற்கு முந்தின நாள் இதே வானத்தில் நம் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். கூப்பிட்டு வராத காகங்களில் சில, மாஞ்சாவில் சிறகு அறுந்து ஏதோ ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே தடை செய்தது. கடையில் ரகசியமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வெறும் பருத்தி நூலில் பட்டம் நன்றாகவே பறக்கும். காலையிலும் மாலையிலும் பறவைகள் கூட்டமாகப் போய்வரும் நேரத்தில் விடாமல் இருந்தால் இன்னும் நல்லது. விழா முடிந்ததும் மாடியிலும் கம்பத்திலும் சிக்கிய நூலைப் பிள்ளைகளை விட்டே சுருட்டச் சொல்லுங்கள்.

தொங்கும் காகத்தை நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். உயரத்தில் என்றால் தீயணைப்புத் துறைக்கு 101. கைக்கு எட்டினால் ஒரு துண்டைப் போர்த்தித் தலையை மூடுங்கள், இருட்டில் பறவை அடங்கும். நூலை இரண்டு பக்கமும் வெட்டுங்கள். சிறகில் இறங்கியதைப் பிரிக்காமல் அப்படியே விடுங்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பரேலில் உள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வனத்துறையின் உதவி எண் 1926.

செத்த காகத்தைத் தொடாதீர்கள்

2021 ஜனவரியில் செம்பூரில் செத்துக் கிடந்த காகங்களைப் பரிசோதித்ததில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அந்த மாதம் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் காகங்கள்தான் முதலில் செத்து விழுந்து எச்சரித்தன. ஒரு காகம் செத்தால் மாஞ்சாவாக இருக்கலாம், மின்கம்பியாக இருக்கலாம். ஒரே இடத்தில் மூன்று, நான்கு என்றால் தாமதிக்காமல் பி.எம்.சி.யின் 1916-க்குச் சொல்லுங்கள். வெறுங்கையால் தூக்கவேண்டாம், பிள்ளைகளையும் நாயையும் பக்கத்தில் விடவேண்டாம். அதற்காக உயிரோடு உள்ள காகங்களை விரட்டக் கிளம்பவும் வேண்டாம்.

செத்ததைச் சுற்றி நூறு காகங்கள் கூடிக் கத்துவதைக் கண்டு பயப்படாதீர்கள். இறந்தவனுக்கு அழுகின்றன என்பார்கள். அழுகின்றனவோ என்னவோ, கற்றுக்கொள்கின்றன என்பது சோதனையில் தெரிந்தது. செத்த காகத்தைக் கையில் பிடித்து நின்ற ஆளை அமெரிக்கக் காகங்கள் பல வாரம் நினைவில் வைத்துத் திட்டியதைக் கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். அந்த நேரத்தில் பெருக்குமாறோடு நடுவில் போய் நிற்காதீர்கள். கூட்டம் கலையட்டும், பிறகு கையுறை போட்டுக்கொண்டு போங்கள்.

குப்பையை மூடுங்கள்

காகம் பெருத்துவிட்டது என்று புகார் சொல்பவர்கள் முதலில் கச்ரா டப்பாவின் மூடியைப் பார்க்கட்டும். இந்தியக் கரையிலிருந்து கப்பலேறி ஏடன், சான்சிபார், மொம்பாசா என்று பரவிய பறவை இது. 2024-இல் கென்யா பத்து லட்சம் காகங்களைக் கொல்லப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு அங்கே பெருகியது. போன இடமெல்லாம் அது தேடியது ஒன்றுதான், மனிதன் திறந்துபோட்ட எச்சில். டோக்கியோவில் குப்பை மூட்டைகள்மேல் வலை போர்த்துகிறார்கள். நாம் ஈரக்குப்பையைத் தனியாகக் கட்டி, வண்டி வரும் நேரத்துக்குக் கீழே இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

இயற்கையைப் பார்க்க வண்டி வைத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. தாராவி ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்து இப்போது காடாகிவிட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் பக்கம் ஒரு மாலை நின்றால் போதும். ஐந்தரையிலிருந்து காகங்கள் வரிசை வரிசையாக அடைய வரும். எந்தத் திசையிலிருந்து எத்தனை என்று பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. செம்பூர் செடா நகரில், முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் பள்ளி விடுமுறையில் செய்தாள். இரண்டு வாரம் காலையில் அவள்தான் சோறு வைத்தாள். பதினைந்தாம் நாள் அவளுடைய மஞ்சள் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவள் அம்மா வைத்தாள். சாம்பல் கழுத்துக் காகம் இரண்டு கிரில் தாண்டிப் பின்வாங்கி உட்கார்ந்தது, வரவில்லை. உள்ளே இருந்து குழந்தை எட்டிப் பார்த்தாள். காகம் கழுத்தைச் சாய்த்து ஒரு தரம் அம்மாவையும், ஒரு தரம் அவளையும் பார்த்தது. பிறகு அவள் பக்கத்து ஓரமாக வந்து ஒரு பருக்கையை எடுத்தது.

"அத்தை, அதுக்கு என்னைத் தெரியுது" என்று போனில் சொன்னாள். நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னேன்.